நட்சத்திரம் போடுவதும் சாட்சி சொல்வதுதான்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

செல்போனில் ஆடுகிற கேம்களுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? எதைப் பிறருக்குப் பரிந்துரைக்கலாம், எதைப் பரிந்துரைக்கக் கூடாது? இதுதான் இன்றைய பேச்சு. தலைப்பைக் கேட்டதும் சிலர் முகத்தில் சிரிப்பு தெரிகிறது. 'கல்வி இருக்கிறது, வேலைவாய்ப்பு இருக்கிறது, வக்ஃபு சொத்துப் பிரச்சினை இருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டு விளையாட்டைப் பற்றி ஒரு கூட்டமா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

செல்போன் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் கேட்டுப் பாருங்கள். புது போன் வாங்குகிறவர் பணத்தை எண்ணிக் கொடுத்த கையோடு, 'பாய், பையனுக்கு நல்லதா ரெண்டு கேம் போட்டுக் கொடுங்க' என்கிறார். ப்ளே ஸ்டோருக்குள் போய்த் தேடிப் பார்க்க அவருக்குத் தெரியாது. உங்களைத் தெரியும், உங்கள் கடையைத் தெரியும். அந்த நம்பிக்கையில் கேட்கிறார். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கண்ணில் முதலில் படுவதை, நாலரை ஸ்டார் உள்ளதை, கோடிப் பேர் இறக்கியதைப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள்.

அரிசிக் கடைக்காரர் மூட்டையைக் குத்தி நாலு மணியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் 'நல்ல அரிசி' என்று சொல்வாரா? துணிக்கடைக்காரர் துணியை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்க்காமல் 'சாயம் போகாது' என்று உத்தரவாதம் கொடுப்பாரா? கொடுத்தால் அடுத்த பெருநாளைக்கு அந்த வாடிக்கையாளர் அந்தக் கடைப் பக்கம் வருவாரா? சரக்கில் இத்தனை கவனமாக இருக்கும் நாம், ஒரு குழந்தையின் கையில் மணிக்கணக்கில் இருக்கப்போகும் பொருளை மட்டும் பார்க்காமலே 'நல்லது' என்று சொல்லிவிடுகிறோம். ஒரு பொருளை நல்லது என்று சொல்வது சாட்சியம். பார்க்காததற்குச் சாட்சி சொல்லலாமா?

நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது?

முதலில் அந்த ஸ்டார் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கேமின் பெயருக்குக் கீழே 4.5 என்று இருக்கிறது. ஏதோ பரீட்சை வைத்து, நிபுணர்கள் உட்கார்ந்து போட்ட மதிப்பெண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. ஆடியவர்கள் போட்ட ஸ்டார்களை வைத்துக் கணக்கிட்ட சராசரி, அவ்வளவுதான்.

ஆடியவர்களிடம் எப்போது கேட்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் ஒரு கட்டத்தை ஜெயித்து, திரை முழுக்கப் பூமாரி பொழியும்போது 'இந்த கேம் பிடித்திருக்கிறதா? ஸ்டார் போடுங்கள்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். தோற்றுப்போய் எரிச்சலில் இருக்கும்போது பெரும்பாலும் வராது. ஐபோனில் ஒரு கேம் இப்படிக் கேட்கும் பெட்டியை ஆண்டுக்கு 3 முறைக்கு மேல் காட்ட முடியாதபடி ஆப்பிள் நிறுவனம் 2017இல் கட்டுப்பாடு வைத்தது. கிடைப்பது மூன்றே வாய்ப்பு என்றால், நீங்கள் சந்தோஷமாக இருக்கும் நேரம் பார்த்துத்தானே கேட்பார்கள்?

இதை ஒரு ஹோட்டலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரியாணி சாப்பிட்டு முடித்ததும், பில் வருவதற்கு முன்பே 'எப்படி இருந்தது?' என்று கேட்கிறார்கள். 'பிரமாதம்' என்கிறீர்கள். பிறகுதான் பில் வருகிறது. இலவச கேம்களில் நடப்பது இதுதான். முதல் 20 கட்டங்கள் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டார் கேட்பது அங்கே. அதற்கப்புறம்தான் உயிர் தீரும், காயின் தீரும், 'வாங்கு' என்று பொத்தான் வரும். பில் வரும் முன் போட்ட ஸ்டார்கள் அந்தச் சராசரிக்குள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

இன்னொரு செய்தி. கூகுள் ப்ளேயில் பழைய ஸ்டாரும் புதிய ஸ்டாரும் ஒரே எடை கிடையாது. 2019 முதல் சமீபத்தில் போட்டவற்றுக்கு அதிக எடை கொடுத்துக் கணக்கிடுகிறார்கள். 2021 நவம்பர் முதல் நாட்டுக்கு நாடு தனித்தனி மதிப்பெண் காட்டுகிறார்கள். துபாயில் இருக்கும் உங்கள் மச்சான் பார்க்கும் எண்ணும், இங்கே நீங்கள் பார்க்கும் எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. 'அங்கே எல்லாரும் நல்ல கேம் என்கிறார்கள்' என்று அவர் அனுப்புவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கூட்டத்தின் கோபமும் மதிப்பெண் ஆகும்

2017 ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள். ஸ்னாப்சாட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தலைவர் இந்தியாவை ஏழை நாடு என்று இழிவாகப் பேசினார் என்று, அங்கே முன்பு வேலை பார்த்த ஒருவர் வழக்கில் சொல்லியிருந்தார். நிறுவனம் மறுத்தது. ஆனால் செய்தி பரவியதும் நம் நாட்டு இளைஞர்கள் கொதித்தெழுந்து, அந்த ஆப்புக்கு ஒற்றை ஸ்டார் போட்டுத் தள்ளினார்கள். அதோடு நின்றதா? பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் ஸ்னாப்டீல் என்ற இந்திய வணிக நிறுவனத்துக்கும் ஒற்றை ஸ்டார் விழுந்தது! அவர்கள் செய்த குற்றம் என்ன? முதல் பாதிப் பெயர். வணிகர்களே, உங்கள் கடைப் பெயரும் பக்கத்து ஊர்க்காரர் கடைப் பெயரும் ஒன்றாக இருந்து, அவர் மீதுள்ள கோபத்தில் உங்கள் கடையின் பேரைக் கெடுத்தால் எப்படி இருக்கும்?

2020 மே மாதம் டிக்டாக் மீது கோபம் திரும்பியது. நாலரை ஸ்டாரை ஒட்டி நின்ற அதன் மதிப்பெண் சில நாட்களில் 2க்கும் கீழே போனது. பிறகு கூகுள் நிறுவனம் லட்சக்கணக்கான விமர்சனங்களை நீக்கியதும் எண் மீண்டும் ஏறியது. அந்த ஆப் ஒரே மாதத்தில் கெட்டுப்போய், மறுபடி நல்லதாகியும் விட்டதா? இல்லையே! கூட்டம் வந்தது, எண் விழுந்தது. நிறுவனம் அழித்தது, எண் எழுந்தது. அந்த எண்ணை நம்பி உங்கள் பிள்ளைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்களா?

கூலிக்கு மாரடிக்கும் நட்சத்திரங்கள்

இளைஞர்களே, இது உங்களுக்கு. 'வீட்டிலிருந்தே வேலை. ஸ்டார் போட்டால் போதும், ஒரு ஸ்டாருக்கு 50 ரூபாய்' என்று வாட்ஸ்அப்பில், டெலிகிராமில் செய்தி வருகிறதா? கூலிக்கு ஸ்டார் போடுவது பொய் விற்கும் தொழில் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இதற்குப் பின்னால் இருக்கும் வலை அதைவிடப் பெரியது.

முதல் நாள் நாலு ஸ்டார் போடச் சொல்வார்கள். சொன்னபடி 150, 200 ரூபாய் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். நம்பிக்கை பிறந்துவிடும். அடுத்து, '1,000 ரூபாய் கட்டினால் 1,300 ஆகத் திரும்பும்' என்பார்கள். அதுவும் வரும். அதற்கடுத்து 10,000, பிறகு 50,000. அங்கேதான் கதவு மூடும். 'உங்கள் பணம் உள்ளே இருக்கிறது, எடுக்க வரி கட்டுங்கள்' என்று இன்னும் கேட்பார்கள். இப்படி லட்சக்கணக்கில் இழந்தவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். சிக்கியவர்களில் வேலை தேடும் பட்டதாரிகளும் உண்டு, வீட்டிலிருக்கும் பெண்களும் உண்டு.

இன்னும் ஒரு படி மோசமானது, 'உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் எங்களுக்குக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்' என்பது. ஏமாந்தவர்களின் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். ஒரு ஏழைக் குடும்பத்துப் பிள்ளை சில ஆயிரத்துக்கு ஆசைப்பட்டு வழக்கில் சிக்கினால் அந்தக் குடும்பம் எப்படி எழுந்து நிற்கும்? ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

பொய் விமர்சனம் உலகம் முழுவதும் உள்ள நோய். அமெரிக்காவின் வணிக ஆணையம், பொய்யான விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்து 2024இல் விதி கொண்டுவந்தது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்று 2022இல் ஒரு தரநிலையே வெளியிட்டது. அரசாங்கங்கள் சட்டம் போட வேண்டிய அளவுக்கு இந்தப் பொய் வளர்ந்திருக்கிறது.

வயது எண் சொல்லாதவை

'3+ என்று போட்டிருக்கிறது, அதனால் குழந்தைக்குக் கொடுத்தேன்' என்று ஒரு வாப்பா சொல்கிறார். அந்த எண்ணின் கதை என்ன? 2015 முதல் கூகுள் ப்ளேயில், கேமை உருவாக்கியவரே ஒரு கேள்விப் பட்டியலுக்குப் பதில் எழுதிக் கொடுக்கிறார். சண்டை உண்டா, ரத்தம் உண்டா, ஆபாசம் உண்டா, சூது உண்டா என்ற கேள்விகள். அந்தப் பதில்களை வைத்துத்தான் வயது எண் வருகிறது. ஆப்பிள் தனியாக ஒரு முறை வைத்திருக்கிறது. 2025இல் அதை மாற்றி 4+, 9+, 13+, 16+, 18+ என்று பிரித்தார்கள்.

வயது எண் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. 16+ என்று போட்டிருந்தால் அதை மதியுங்கள், 8 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் அது முக்கியமாகச் சொல்வது உள்ளே என்ன காட்சி இருக்கிறது என்பதை. உங்கள் பிள்ளை அதில் எத்தனை மணி நேரம் உட்காருவான், எத்தனை ரூபாய் கேட்பான் என்பதை அது சொல்லாது. அந்த வேலை உங்களுடையது.

ஆறு எடைக்கற்கள்

சரி, எதை வைத்து எடை போடுவது? படம் அழகாக இருக்கிறதா, ஆட்டம் சுவையாக இருக்கிறதா என்பதை ஆடினாலே தெரிந்துகொள்ளலாம். அதற்கு என் உதவி வேண்டாம். யாரும் சொல்லித் தராத ஆறு கேள்விகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பணம். உள்ளே வாங்கும் பொருள் உண்டா? ப்ளே ஸ்டோரிலேயே அதை எழுதியிருப்பார்கள், படியுங்கள். ரூபாயை நேரடியாகக் கேட்கிறதா, அல்லது ரத்தினம், வைரம், காயின் என்று மாற்றிக் கேட்கிறதா? மாற்றிக் கேட்டால் செலவு கண்ணுக்குத் தெரியாது. 80 ரத்தினம் வேண்டிய பொருளுக்கு, 100 ரத்தினமாகத்தான் விற்பார்கள். மிச்சம் 20 உங்களை மறுபடி இழுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி உண்டா? அப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டம் என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் அறிவித்தது. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் குழந்தைகள் கேம்களுக்குள் வாங்கியவற்றுக்காக 2014இல் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. ஃபோர்ட்நைட் கேமின் நிறுவனமான எபிக் கேம்ஸ், பொத்தான்களை வைத்து ஆட்டக்காரர்களை ஏமாற்றி வாங்க வைத்தது என்ற குற்றச்சாட்டில் 24 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க 2022இல் உடன்பட்டது. அமெரிக்காவின் படித்த பெற்றோர்களுக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

இரண்டு, நேரம். கேமை மூடினால் மூட விடுகிறதா? 'இன்று வராவிட்டால் ஏழு நாள் பரிசு போய்விடும்' என்று பயமுறுத்துகிறதா? நடு இரவில் மணியடித்துக் கூப்பிடுகிறதா? 10 நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடிந்து எழுந்திருக்க முடிகிறதா? ஃப்ளாப்பி பேர்ட் என்ற சின்ன ஆட்டத்தை வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் 2013இல் வெளியிட்டார். உலகமே அதில் மூழ்கியது. விளம்பரத்தில் பணம் கொட்டிக்கொண்டிருந்தபோதே 2014 பிப்ரவரியில் அவர் அதைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார். ஆட்டம் போதையாகிவிட்டது என்று காரணம் சொன்னார். ஆக்கியவரே பயந்த இடத்தை நாம் கவனிக்க வேண்டாமா?

மூன்று, விளம்பரம். எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது? மூடும் குறி உடனே தெரிகிறதா, தேட வேண்டியிருக்கிறதா? முக்கியமாக, எதன் விளம்பரம் வருகிறது? ஆட்டத்தில் ஒரு கெடுதலும் இருக்காது. நடுவில் வரும் விளம்பரத்தில் பந்தயமும் உடனடிக் கடனும் அரைகுறை ஆடையும் வரும். அரை மணி நேரம் நீங்களே ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்கு, ஆட்கள். முன்பின் தெரியாதவர்கள் உங்கள் பிள்ளையோடு எழுத்திலோ குரலிலோ பேச வழி இருக்கிறதா? அதை நிறுத்தி வைக்க முடிகிறதா? தெருவில் அறிமுகமில்லாதவர் பிள்ளையிடம் பேசினால் 'யார்?' என்று கேட்கும் நாம், வீட்டுக்குள் காதில் ஹெட்செட்டோடு அவன் யாரிடம் பேசுகிறான் என்று கேட்பதில்லை.

ஐந்து, தகவல். ஒரு புதிர் ஆட்டத்துக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? நீங்கள் இருக்கும் இடம் எதற்கு? 'எல்லாரும்தானே கொடுக்கிறார்கள்' என்று அலட்சியமாக இருக்காதீர்கள். தொழுகை நேரம் சொல்லும் முஸ்லிம் ப்ரோ என்ற ஆப்பை உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் இறக்கியிருந்தார்கள். அதிலிருந்து பயனாளர்கள் இருக்கும் இடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போகிறது, அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள் என்று மதர்போர்டு என்ற செய்தித் தளம் 2020 நவம்பரில் வெளியிட்டது. ராணுவத்துக்கு விற்கவில்லை என்று ஆப் நிறுவனம் மறுத்தது. அந்தத் தரகரோடு உறவை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. ஸ்டார் குறைவா அதற்கு? பெயரில் குறையா? கேட்கப்பட்ட அனுமதியைப் பார்க்காமல் 'சரி' என்று தட்டியதுதான் குறை. தொழுகை ஆப்புக்கே இந்த நிலை என்றால் விளையாட்டு ஆப்பை எத்தனை முறை பார்க்க வேண்டும்?

ஆறு, போன். உங்கள் வாடிக்கையாளர் வாங்கியது 8,000 ரூபாய் போன். 2 ஜிபி கேமை அதில் ஏற்றினால் போன் சூடாகும், திணறும். பழி உங்கள் கடைக்குத்தான் வரும். நெட் இல்லாமல் ஆடலாமா என்பதையும் பாருங்கள்.

இந்த ஆறையும் கூட்டி ஆறால் வகுத்துச் சராசரி எடுத்துவிடாதீர்கள், சகோதரர்களே! அழகான படத்துக்கு 5, இனிய இசைக்கு 5, பணத்தைச் சுரண்டுவதற்கு 1 என்று கூட்டினால் சராசரியில் தேறிவிடும். பாலில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விழுந்தால் மீதிப் பால் சுத்தமானது என்று கணக்குப் போடுவோமா? பணத்திலும் ஆட்களிலும் தோற்ற கேமைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்காதீர்கள். மற்றவற்றில் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் சரி.

'அப்படிப் பார்த்தால் எதுவுமே தேறாதே!' என்று சொல்லாதீர்கள். தேறுபவை இருக்கின்றன. சைமன் டாதம் என்ற ஆங்கிலேயரின் புதிர்த் தொகுப்பு ஒன்று உண்டு. சுமார் 40 எண் புதிர், கட்டப் புதிர்கள். காசு இல்லை, விளம்பரம் இல்லை, நெட் தேவையில்லை. பழைய போனிலும் ஓடும். காசு கொடுத்து வாங்குவதில் மினி மெட்ரோ. நியூசிலாந்தில் செய்தது. லண்டன், கெய்ரோ போன்ற நகரங்களின் வரைபடத்தில் ரயில் பாதை போட்டு, பயணிகள் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை வாங்கினால் முடிந்தது, ரத்தினம் கித்தினம் எதுவும் கேட்காது. கொள்முதலும் விநியோகமும் பார்க்கிற வணிகர்களுக்கே இது பிடிக்கும். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவற்றையும் அந்த ஆறு கற்களில் வைத்து நிறுத்துப் பாருங்கள்.

சூதுக்குப் பரிந்துரை கிடையாது

பணம் கட்டி, பணம் ஜெயிப்பதற்காக ஆடும் ஆட்டம் பற்றி நமக்குள் விவாதமே தேவையில்லை. சூது ஹராம் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அது 'ரம்மி திறமை', 'கிரிக்கெட் அறிவு' என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போது சிலர் தடுமாறுகிறார்கள். 'இந்த லிங்கில் சேருங்கள், உங்களுக்கு 100, எனக்கு 100' என்று அனுப்பியும் விடுகிறார்கள்.

தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்குமான சட்டத்தை நிறைவேற்றியது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பாகுபாடு அதில் கிடையாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் என்றால் தடைதான். ஏமாந்து ஆடியவரை அந்தச் சட்டம் தண்டிக்கவில்லை. நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் தண்டிக்கிறது. விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. ரீல்ஸ் போடும் இளைஞர்களே, லிங்க் அனுப்பும் நண்பர்களே, பரிந்துரை என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று இப்போதாவது புரிகிறதா?

எப்படி எழுதுவது?

'சூப்பர் கேம், எல்லாரும் ஆடுங்க, 5 ஸ்டார்.' இதில் ஏதாவது செய்தி இருக்கிறதா? 'குப்பை, 1 ஸ்டார்.' இதிலும் இல்லை. நெட் விழுந்ததற்காகவோ, நீங்கள் தோற்றதற்காகவோ ஒற்றை ஸ்டார் போடுவது அநியாயம். அதைச் செய்தவனும் உங்களைப் போல ஒரு கடைக்காரன்தான்.

இப்படி எழுதிப் பாருங்கள். 'இரண்டு வாரம் ஆடினேன். 25ஆம் கட்டம் வரை காசில்லாமல் போகலாம். அதற்கு மேல் காத்திருக்க வேண்டும் அல்லது வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. மூன்று நிமிடத்துக்கு ஒரு விளம்பரம். அதில் கடன் விளம்பரமும் வந்தது. அந்நியர்களோடு பேசும் வசதி இல்லை. சாதாரண போனில் ஓடுகிறது. 12 வயதுக்கு மேல் சரி, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். 3 ஸ்டார்.' படிக்கிறவருக்கு எத்தனை உதவி! எத்தனை நாள் ஆடினீர்கள், பில் வந்ததா, எவ்வளவு, யாருக்கு ஏற்றது, எந்த போனில் பார்த்தீர்கள் என்பதெல்லாம் நாலு வரியில் வந்துவிட்டது.

மூன்று ஒழுக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். '5 ஸ்டார் போட்டால் 100 காயின்' என்று கேம் கூப்பிட்டால் போடாதீர்கள். அப்படிக் கேட்பது கூகுளின் விதிக்கே எதிரானது. உங்களுக்குக் கமிஷன் கிடைக்கும் லிங்க் என்றால் 'எனக்கு இதில் பணம் உண்டு' என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அப்டேட் வந்து கேம் மாறிவிட்டால் போய் உங்கள் ஸ்டாரை மாற்றுங்கள். போன வருடத்துச் சாட்சியம் இந்த வருடத்துச் சரக்குக்குச் செல்லாது.

கல்லாப்பெட்டி போனும் குழந்தையும்

கடைசியாக வணிகர்களுக்கு. முன்பெல்லாம் கல்லாப்பெட்டிக்குச் சாவி உண்டு. சாவி இடுப்பில் இருக்கும். இன்று உங்கள் கல்லா அந்த போன்தான். கடையின் வங்கிக் கணக்கு, யுபிஐ, வாடிக்கையாளர் எண்கள், மொத்த வியாபாரியின் பாக்கிக் கணக்கு எல்லாம் அதற்குள் இருக்கிறது. இரவு வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் பிள்ளையின் கையில் கேம் ஆடக் கொடுக்கிறீர்கள். யுபிஐ பின் நம்பர் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? நீங்கள் தட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அவர்கள்!

கடை போனில் கேம் வேண்டவே வேண்டாம். பழைய போன் ஒன்றில், பணக் கணக்கு எதுவும் சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள். முடியாவிட்டால் ப்ளே ஸ்டோர் அமைப்புகளுக்குள் போய், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் உறுதி கேட்கும்படி மாற்றி வையுங்கள். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, கேம் சந்தா எதுவும் ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால் அடிப்பதற்கு முன் கூகுளிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

செல்போன் கடைக்காரர்கள் ஒரு நோட்டு போடுங்கள். கடைப் பையன்களையே ஆடச் சொல்லி, ஆறு கேள்விக்கும் பதில் எழுதி, தேறிய கேம்களை மட்டும் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். 'பையனுக்கு நல்ல கேம் போட்டுக் கொடுங்க பாய்' என்று யாராவது கேட்டால், 'எத்தனை வயது?' என்று முதலில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே உங்கள் கடை மற்ற கடைகளிலிருந்து வேறுபட்டுவிடும். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அடுத்த போனுக்கும் உங்களிடம்தான் வருவார்.

இளைஞர்களே, இன்றிரவே உங்கள் போனில் உள்ள கேம்களை ஒவ்வொன்றாகத் திறந்து இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள். தேறாததை நீக்குங்கள். தேறிய ஒன்றுக்கு, நாலு வரியில் தமிழில் ஒரு நேர்மையான விமர்சனம் எழுதுங்கள். உங்கள் தெருவில் ஒரு தாய் அதைப் படித்துவிட்டுத்தான் தன் பிள்ளைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்.